அவசரப் பிரிவின் முதல் ஐந்து நிமிடம் தமிழிலும் நடக்கட்டும்

சிங்கப்பூர் சுகாதார அமைச்சுக்கும், நம் பொது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு நள்ளிரவில் அம்மாவை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். காரை நிறுத்திவிட்டு நான் ஓடி வருவதற்குள் ஒரு தாதி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். "பெயின்?" என்று பரிவாகத்தான் கேட்டிருக்கிறார், அம்மாவும் "வலியில்லம்மா, நெஞ்சைப் பிசையுது" என்று சொல்லித் தலையை ஆட்ட, வலி இல்லை என்று பதிவாகிவிட்டது. நான் வந்து விளக்கிய பிறகுதான் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் இசிஜி எடுத்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் கூட யாரும் வராத ஒரு பாட்டியை நினைத்தால் எனக்கு இன்னமும் தூக்கம் வருவதில்லை.

பிசைவது வேறு, கரிப்பது வேறு, அடைப்பது வேறு, படபடப்பு வேறு. வயதான பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பல சமயம் வலியாகவே வராது, மூச்சிரைப்பும் வியர்வையும் அசதியுமாக வரும். மாரடைப்புச் சந்தேகம் என்றால் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. அந்தச் சந்தேகமே நோயாளியின் வாய்ச்சொல்லில் இருந்துதான் கிளம்புகிறது, எவ்வளவு அவசரம் என்று பிரிக்கும் பி1-இல் இருந்து பி4 வரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பதிலும் அந்தச் சொல்லுக்குப் பங்கு இருக்கிறது.

படுக்கைப் பற்றாக்குறைக்கு நீங்கள் செய்வது தெரியும். 2024-இல் உட்லண்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனை திறந்தது, வீட்டிலேயே உள்நோயாளிச் சிகிச்சை தரும் திட்டமும் அதே ஆண்டு ஏப்ரலில் இருந்து வழக்கமான சேவையாகிவிட்டது. நல்லது. ஆனால் தமிழில் விசாரிப்பதற்குக் கட்டடமும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். தமிழ் பேசும் தாதியர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இரவு வேலையில் யார் இருக்கிறார் என்ற பட்டியல் விசாரிக்கும் மேசையில் இருக்கட்டும். யாரும் இல்லாத இரவில் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கட்டும், அதுவும் 24 மணி நேரமும். அப்புறம், இந்த உடல்நோவுச் சொற்களை எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பொருளும் போட்டு ஓர் அட்டை. கட்டுமானத் தளத்தில் இருந்து தனியாக வரும் ஊர்த் தம்பிகளுக்கும் அது உதவும்.

சொற்களைத் திரட்டித் தர நாங்கள் தயார். எங்கள் புளோக்கின் கீழே தினமும் மாலையில் உட்காரும் பாட்டிமார்களைக் கேட்டாலே ஒரு வாரத்தில் முடிந்துவிடும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.