கருவி பார்த்த மேகம், கணினி போட்ட மேகம்

நார்மன், ஓக்லஹோமா

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ துறைத் தலைவர் ஆகிவிட்டதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறாயே, அது முதல் வரியில் வர வேண்டிய சேதி! ரொம்ப சந்தோஷம்.

மேகத்தையே நூறு மீட்டர் கட்டங்களில் கணக்குப் போட முடிகிறதென்றால் தரையில் இத்தனை கருவிகள் எதற்கு என்று கேட்டிருந்தாய். இப்போது நான் கற்றுக்கொண்டிருப்பதே அதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

என் வேலை கோடைக்காலத்தில் பஞ்சுப் பொதி போல் போடும் சின்னக் குமுலஸ் மேகங்களில். காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை காய்ந்து, சூடான காற்று மேலெழும்பி, மதியத்தை ஒட்டித் துண்டு துண்டாக மேகம் போடும். சாயங்காலம் கலைந்துவிடும். ஒரு மேகம் ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. உலகப் பருவநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளில் ஒரு கட்டமே பல பத்துக் கிலோமீட்டர் என்பதால் இவை அந்தக் கணக்கில் தனியாகத் தெரிவதே இல்லை. ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்புவதில் இவற்றின் பங்கு பெரிது. வருங்கால வெப்பநிலைக் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்குத் தாழ்வான மேகங்கள் முக்கியமான காரணம்.

இங்கிருந்து வடக்கே சுமார் இரண்டு மணி நேரம் காரில் போனால் லாமாண்ட் என்று ஒரு சிற்றூர். அதன் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே, அமெரிக்க எரிசக்தித் துறையின் ஏ.ஆர்.எம். (வளிமண்டலக் கதிர்வீச்சு அளவீடு) நிலையம் 1992 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேக ரேடார், லேசர் ஒளியை அனுப்பி அது திரும்புவதை அளக்கும் லைடார், மைக்ரோவேவ் ரேடியோமீட்டர், முழு வானத்தையும் படம் பிடிக்கும் காமிரா, தினமும் நான்கு பலூன் என்று எல்லாம் உண்டு. 2015 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் நல்ல குமுலஸ் நாட்களைப் பொறுக்கியெடுத்து, அந்தந்த நாளின் அவதானிப்புகளையும் கணினிச் சிமுலேஷன்களையும் ஒரே கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். லாஸோ என்று பெயர். 25 கிலோமீட்டர் சதுரத்தில் 100 மீட்டர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே செங்குத்தாக ஒரு தூண் என்று மொத்தம் 62,500 தூண்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பிட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கணினி மாதிரிக்குத் தெரிந்தது ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீர் என்பது. ரேடாருக்கு அது தெரியாது. துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப அதன் எதிரொலி கூடுகிறது. விட்டம் பத்து மடங்கானால் எதிரொலி பத்து லட்சம் மடங்கு! ஆக, விரல்விட்டு எண்ணக்கூடிய தூறல் துளிகள் போதும், கோடிக்கணக்கான சிறு துளிகளின் குரல் அமுங்கிவிடும். கோடையில் இன்னொரு தொல்லை, பூச்சிகள். வெப்பக் காற்றோடு மேலே போகும் பூச்சிகளும் ரேடாரில் பளிச்சென்று தெரியும், அதுவும் இந்தச் சின்ன மேகங்கள் இருக்கும் உயரத்திலேயே. முதல் தடவை அந்தப் படத்தைத் திறந்தபோது, மேகமே இல்லாத காலை நேரத்தில் கீழடுக்கு முழுக்க நிறம் அப்பிக் கிடந்தது. லைடார் பூச்சிகளிடம் அவ்வளவு ஏமாறாது, மேகத்தின் அடிப்பகுதியை அருமையாகக் காட்டும். ஆனால் கனத்த மேகத்துக்குள் ஒளி நுழைந்ததும் மங்கிவிடுவதால் உச்சி எங்கே என்று சொல்லாது. ரேடியோமீட்டர் மொத்த நீரை அளக்கும். இந்த மேகங்களிலோ அதன் பிழை அளவுக்குள்ளேயே அடங்கிவிடும் நீர்தான் பல நேரம் இருக்கிறது.

அதனால் ரேடார் அளவை நீராக மாற்றி மாதிரியோடு ஒப்பிடுவதைவிட, மாதிரி போட்ட மேகத்தை இதே ரேடார் பார்த்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று கணக்கிட்டு, அதை உண்மை ரேடாரோடு ஒப்பிடுவதே சரி என்று நினைக்கிறேன். இதிலும் துளி அளவுகளைப் பற்றி ஏதாவது அனுமானித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் என்ன அனுமானித்தோம் என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

அப்புறம், செங்குத்தாகப் பார்க்கும் கருவிக்குத் தன் தலைக்கு மேலே போவது மட்டும்தான் தெரியும். காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் அதன் மேல் போவது 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு. பக்கத்தில் பெரிய மேகம் போனாலும் அதற்குத் தெரியாது. மாதிரியிடம் 62,500 தூண்கள் இருப்பதால், அதிலும் ஒரே ஒரு தூணை மட்டும் எடுத்துப் பார்த்தால் விடை எவ்வளவு தாறுமாறாகும் என்று சோதிக்கலாம். நிலையத்தைச் சுற்றி மூன்று ஜோடிக் காமிராக்கள் வைத்து, நம் இரு கண்கள் மாதிரி, மேகத்தின் முப்பரிமாண வடிவத்தை 50 மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தரவு அதுதான். மாதிரியின் ஒரு மேகத்தை உண்மையான ஒரு மேகத்தோடு ஒப்பிட முடியாது, மேக அளவுகளின் பரவலை ஒப்பிடலாம்.

இன்னொன்று. ஒரே நாளுக்குப் பல சிமுலேஷன்கள் இருக்கின்றன. அந்த வட்டாரத்துக்குள் வெளியிலிருந்து எவ்வளவு ஈரமும் வெப்பமும் வந்தன என்பதற்கு வெவ்வேறு மதிப்பீடுகள் கொடுத்து ஓட்டியவை. ஒன்றில் மதியம் வானம் பாதி மூடியிருக்கும், இன்னொன்றில் மேகமே போடாது. கணினியின் வேலை இரண்டிலும் ஒன்றுதான். உள்ளே கொடுத்தது வேறு. தரையில் அளந்தவர்கள் இல்லையென்றால் எதை நம்புவது, சொல்?

மாதிரிக்குள் தரையும் ஒரே சீராக இருக்கிறது. உண்மையில் ஜூனில் அங்கே போனபோது, ஒரு பக்கம் அறுவடை முடிந்து வெறும் தாள் நிற்கும் கோதுமை வயல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல்வெளி. தாள் நின்ற பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடித்தது. சூரியன் கொடுப்பது இரண்டுக்கும் ஒரே வெப்பம்தான். புல்வெளி அதை நீராவியாக்குகிறது, வயல் அதைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது. இந்த வேறுபாடு மேகங்களை எவ்வளவு மாற்றுகிறது என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறேன்.

ஒரு யோசனை. இந்தத் தரவு முழுவதும் இலவசம், பதிவு செய்தால் யாரும் எடுக்கலாம். உன் எம்.எஸ்ஸி. பிள்ளைகளில் பைத்தான் தெரிந்த ஒருவருக்கு நல்ல புராஜெக்ட் ஆகும்: ஒரே ஒரு நாள், லைடார் சொல்லும் மேக அளவு, மாதிரி சொல்லும் மேக அளவு, இரண்டும் எங்கே பிரிகின்றன, ஏன். கோப்புகள் பெரியவை; உங்கள் லேப் இணையத்துக்குக் கஷ்டமென்றால் சொல், ஒரு நாளுக்குத் தேவையானதை மட்டும் வெட்டி அனுப்புகிறேன். வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் அவர்களோடு உட்காரவும் தயார்.

யார் என்று முடிவு செய்துவிட்டு எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி