படத்தின் கீழே ஆண்டு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த டோகோன் மக்களைப் பற்றிய புகைப்படக் கட்டுரையை மூன்று தடவை புரட்டிவிட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு பாண்டியகரா மலைச்சரிவு, அதன் அடியில் மண் குதிர்கள், ஒவ்வொரு குதிரின் தலையிலும் புல் வேய்ந்த கூம்பு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு படத்திலாவது எடுத்த ஆண்டு இருக்க வேண்டாமா?

நான் சின்ன வெங்காயம் போடுகிறவன். அதனால் என் கண் நேராக ஒன்பதாம் பக்கத்து மூலைப் படத்துக்குத்தான் போனது. சமையல் செய்யும் பெண் என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அது சமையல் இல்லை, ஐயா. வெங்காயத்தைத் தாளோடு உரலில் இடித்து, உருண்டை பிடித்து, பாறையில் காயவைக்கிறார். நம் வீட்டுத் தாளிப்பு வடகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. மழைக்காலக் கம்பு அறுவடை முடிந்த பிறகு அவர்களுக்குக் கையில் காசு தருவது இந்த வெங்காயம்தான். மொட்டைப் பாறை மேல் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி, சுற்றிலும் கல் அடுக்கிப் பாத்தி கட்டி, சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் தட்டிவிட்டு வரப்பில் உட்காரும் எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இந்த வெங்காயம் ஒன்றும் ஆதிகாலத்துச் சங்கதி அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் டோகோன் நாட்டுச் சங்கா வட்டாரத்தில் அணை கட்டிய பிறகுதான் சந்தைப் பயிராகப் பெருகியது. அந்த அணைக்கு முயன்றவர்களில் மானிடவியலாளர் மார்செல் கிரியோலும் ஒருவர். சிரியஸ் நட்சத்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரத்தை டோகோன் மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள் என்று எழுதியவரும் அவரேதான். பிறகு பல வருடம் அங்கே ஆய்வு செய்த வால்டர் வான் பேக், அப்படி ஒரு அறிவை அந்த மக்களிடம் காண முடியவில்லை என்று 1991இல் எழுதினார். உங்கள் கட்டுரையில் நட்சத்திரத்துக்கு முழுப் பக்கம், வெங்காயத்துக்கு ஒரு வரி கூட இல்லை.

பாதிக்கு மேல் முகமூடிப் படங்கள். சரி, கனகா என்ற முகமூடியைப் போட்டு, அதன் உச்சி தரையைத் தொடும்படி சுழன்று ஆடுவதைப் பார்த்தால் யாருக்கும் கேமராவை எடுக்கத் தோன்றும். அது இறந்தவரை வழியனுப்பும் தாமா சடங்கில் எடுத்ததா, சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடிக் காட்டியதா? குறிப்பில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடும் தோகுனாவை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். கம்பந்தட்டையை அடுக்கடுக்காகப் போட்ட கூரை, நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பேச்சு முற்றி ஒருவர் துள்ளி எழுந்தால் தலை இடிக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கும் அப்படி ஒரு கூரை போட்டால் தேவலை.

காலம் தொடாத மக்கள் என்கிற பொருளில் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். அதனால்தான் ஆண்டு கேட்கிறேன். 2012இல் மாலியில் போர் மூண்ட பிறகு சுற்றுலா அநேகமாக நின்றே போனது. 2019 மார்ச்சில் ஒகொசாகு என்ற ஊரில், மாடு மேய்க்கும் ஃபுலானி மக்கள் 150 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பழி டோகோன் ஆயுதக் குழு மேல் விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் சோபானே டா என்ற டோகோன் ஊரில் 35 பேர் செத்தார்கள், அதில் 24 பேர் குழந்தைகள். பல ஊர்களில் குதிர்களையும் எரித்தார்கள். உங்கள் அட்டைப்படத்தில் வரிசையாக நிற்கும் குதிர்கள் 2012க்கு முந்தியவையா, பிந்தியவையா?

அடுத்த இதழிலாவது ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டுவிடுங்கள். அப்புறம், அந்த வெங்காய உருண்டைப் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என் மனைவிக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வெங்காய விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்