மலைக்காட்டில் வண்டி முகாம்: நடைபயணத்துக்கு உள்ள விதி இதற்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு, வால்பாறை, சோலையாறு, மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் மலைப்பாதையில், ஜீப்புகளிலும் பெரிய கார்களிலும் பத்துப் பதினைந்து வண்டிகளாகச் சேர்ந்து சென்று, வழியில் கூடாரம் அடித்துத் தங்கிவரும் பயணங்கள் இப்போது விடுமுறைதோறும் நடக்கின்றன. கடந்த ஜனவரியில் அப்படியொரு குழுவில் என் மருமகனின் வண்டியில் நானும் சென்றுவந்தேன். அங்கே கண்டவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாக வனத்துறையின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் 11 வண்டிகள், 38 பேர். ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும், மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதும் ஓட்டுநர் எவரும் அறிந்தவையே. ஆனால் 11 வண்டிகள் இடைவெளி விடாமல் ஒட்டி ஏறினால் இறங்குகிற வண்டி ஒதுங்க இடமே இருக்காது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வளைவுக்கு மேலே பாறையில் வரையாடுகள் நின்றன. முதல் வண்டி நின்றதும் எல்லாம் நின்றன. எல்லோரும் கைப்பேசியோடு இறங்கிவிட்டார்கள். மேலிருந்து வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர், அவ்வளவு பயணிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சரிவில் பேருந்தைப் பின்னால் எடுத்து எங்களுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அந்தப் பேருந்தின் சன்னலோரம் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்தேன்.

அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. வால்பாறையைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும்போது, பொழுது சாயும் நேரத்தில், சாலையோரக் கம்பம் ஒன்றின் உச்சியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஏதோ கைப்பேசிக் கோபுரத்தின் விளக்கு என்று எங்கள் குழுத்தலைவர் வாக்கி டாக்கியில் சொல்ல, முன்வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. உண்மையில் அது யானை நிற்கிறது என்பதற்கான எச்சரிக்கை விளக்கு. வால்பாறைப் பீடபூமியில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலையும் காப்பியும் இருக்க, அவற்றின் இடையிடையே மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சி நிற்கின்றன. நடு ஆறு என்னும் ஆற்றின் கரையையும் சோலையாற்றின் கரையையும் ஒட்டி அந்தத் துண்டுகளுக்கிடையே யானைகள் போய்வருகின்றன. இருட்டில் வேலை முடிந்து லைன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புக்கு, நடந்து திரும்பும் தொழிலாளி எதிர்பாராமல் யானையின் முன்னால் போய் நின்றுவிடுவதால்தான் பெரும்பாலான உயிரிழப்புகள் நேர்ந்தன. இதைக் கண்டறிந்து, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும், வனத்துறையோடும் தோட்ட நிறுவனங்களோடும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தை மாலைதோறும் குறுஞ்செய்தியாக மக்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் இந்த விளக்குகளையும் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தில் யானை நிற்பதைக் கண்ட ஊர்க்காரரே தம் கைப்பேசியிலிருந்து அழைத்து விளக்கை எரியவிடலாம். இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் பன்னாட்டு அளவிலான விட்லி விருது கிடைத்தது. அப்படிப் பல ஆண்டு உழைப்பில் வந்த விளக்கின் கீழேதான் நாங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனோம். மலை ஏறுமுன் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி எங்கள் 38 பேரில் ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு ஓடையொன்றை ஒட்டிய தோட்டத்து நிலத்தில் முகாம். நில உடைமையாளரிடம் பணம் கட்டி அனுமதி வாங்கியிருந்ததாகக் குழுத்தலைவர் சொன்னார். வண்டிகளை வட்டமாக நிறுத்தி, கூரை விளக்குகளை எரியவிட்டு, நடுவில் தீ மூட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஒன்பதரை மணி இருக்கும், தோட்டக் காவலர் ஒருவர் கையில் டார்ச்சோடு வந்து, “சார், பாட்டையும் லைட்டையும் நிறுத்துங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆனை குட்டியோட நிக்குது. தண்ணிக்கு இறங்க வழியில்லாம நிக்குது” என்று தணிந்த குரலில் சொன்னார். பணம் கட்டித்தானே தங்கியிருக்கிறோம் என்று எங்களில் ஒருவர் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை; டார்ச்சை அணைத்துவிட்டு, “கேளுங்க” என்றார். பாட்டு நின்றதும், அக்கரையில் மூங்கில் முறிகிற ஓசை எல்லோர் காதிலும் விழுந்தது. அதன்பிறகு எவரும் பேசவில்லை. விளக்குகளை அணைத்து, தண்ணீர் ஊற்றித் தீயை அவித்துவிட்டு வண்டிகளுக்குள் போய் உட்கார்ந்தோம். நள்ளிரவுக்கு வெகுநேரம் கழித்துத்தான் அவை தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. அந்தக் காவலர் அதுவரை எங்கள் முகாம் ஓரத்திலேயே நின்றிருந்தார்.

காட்டில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் குரங்கணி நமக்கு முன்பே காட்டியிருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. அதன் பிறகே தமிழக அரசு நடைபயணத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது. 2024-இல் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டு, இணையவழி முன்பதிவும் மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அனுப்பும் முறையும் வந்தன. இன்று தோளில் ஒரு பையோடு காட்டுக்குள் நடக்க விரும்புகிறவர் பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடுதான் போக முடியும். அது சரியான ஏற்பாடு. ஆனால் 11 வண்டி, அடுப்பு, ஒலிபெருக்கி, டீசல் கேன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அதே மலைக்குப் போன எங்களிடம், இரவு எங்கே தங்கப்போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த மலையிலுள்ள ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வால்பாறையில் கூடாரம் அடிப்பவர்களோ பெரும்பாலும் காப்பகத்தின் ஓரத்தில், தனியார் தோட்ட நிலத்தில் அடிக்கிறார்கள். வனக்காவலரின் கை எட்டாத அந்த இடம்தான் யானையின் வழியாகவும் இருக்கிறது. மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரையிலான காட்டுப்பாதையில் கேரள வனத்துறை, வண்டி நுழையும் நேரத்தைச் சீட்டில் குறித்துக் கொடுத்து மறுமுனையில் சரிபார்க்கிறது. இருட்டிய பின் வண்டிகளை விடுவதில்லை. அந்தக் காட்டை நாங்கள் எங்கும் நிறுத்தாமல், குப்பை போடாமல் கடந்தோம் என்றால் எங்கள் ஒழுக்கத்தைவிட அந்தச் சீட்டே அதற்குக் காரணம்.

இந்தப் பயணங்களை அடியோடு தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. இருவாச்சிப் பறவை தலைக்குமேல் பறக்கும்போது அதன் சிறகோசையைக் கேட்ட என் பேத்தி, வீட்டுக்கு வந்த நாள் முதல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். வால்பாறையில் தேநீர்க்கடை, தங்கும் விடுதி, பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது. நான் கேட்பது, நடைபயணத்துக்கு உள்ள ஒழுங்கு வண்டிக் குழுக்களுக்கும் வரவேண்டும் என்பதே. நான்கு வண்டிகளுக்குமேல் ஒரு குழுவாகச் செல்ல அனுமதிக்கக் கூடாது. இரவு முகாம் வனத்துறை பார்த்து ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். தோட்ட உரிமையாளர் நிலத்தை வாடகைக்கு விட்டாலும் இந்த ஒப்புதல் தேவை என்றாக்க வேண்டும். கூடாரத்தில் விறகுத் தீயும் ஒலிபெருக்கியும் அறவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முதல் வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். காடர் பழங்குடியினரின் குடியிருப்புகளிலும் லைன் வீடுகளிலும் யானையின் தடத்தை மணம் வைத்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அந்த இரவுக்கான கூலி அந்தக் காவலருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அவர் எங்களிடம் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

விதிகள் வகுக்கக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை ஆழியாறு சோதனைச் சாவடியில் மேலேறும் ஒவ்வொரு வண்டிக்கும், சிவப்பு விளக்கின் படத்தோடு, அது எரிந்தால் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளைக் கொடுக்கலாம். மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில்தான் யானைக் கூட்டங்கள் பீடபூமிக்கு அதிகம் வருகின்றன. விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் ஏறுகிறது. எனவே அதற்கு முன்பாக இது நடக்க வேண்டும். வனத்துறை ஒப்புதல் தந்தால் முதல் ஐயாயிரம் தாள்களை அச்சிடும் செலவை நானும் என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலரும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பொள்ளாச்சி.