ஆயில் மூடி பக்கத்தில் தமிழில் ஒரு ஸ்டிக்கர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணப்பாறைப் பக்கம் இருபது வருடமாகப் பால் வியாபாரம் செய்கிறேன். காலையும் மாலையும் 100 சிசி வண்டியில் இரண்டு கேனோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். போன மாதம் துவரங்குறிச்சி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி திடீரென்று இழுத்துப் பிடித்து நின்றுவிட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். கிக்கரை மிதித்தால் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் அடி நட்டைக் கழற்றினார். அரை லிட்டர் ஆயில்கூடத் தேறவில்லை. சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுப் பிஸ்டன் மாற்ற 7,000 ரூபாய் ஆனது. நாலு நாள் தம்பியின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினேன்.

இத்தனைக்கும் நான் ஆயில் பார்க்காதவன் இல்லை. வாராவாரம் ஆயில் மூடியைக் கழற்றி, அதோடு சேர்ந்திருக்கும் அளவுக் குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி நன்றாகத் திருகி எடுத்துப் பார்ப்பேன். குச்சியில் உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் தெரியும். திருப்தியாகக் கிளம்பிவிடுவேன். தப்பு அந்தத் திருகலில்தான் இருந்திருக்கிறது. என் வண்டியில் குச்சியைத் துளையில் சும்மா வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். திருகினால் மரை உயரத்துக்கு அது இன்னும் கீழே இறங்கிவிடும். குறைந்து கிடக்கும் ஆயிலும் போதுமானதாகத் தெரியும். இரண்டு கோட்டுக்கும் இடையில் இருப்பதே ஒரு விரல் அகலம்தான். அதில் மரை உயரம் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

வண்டியோடு தந்த புத்தகத்தில் இது இருக்கிறது, ஆங்கிலத்தில். கல்லூரியில் படிக்கும் மகள்தான் வாசித்துச் சொன்னாள். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் கதை தலைகீழ். வண்டி இடப்பக்கம் சாய்கிறது. என் வண்டியில் ஆயில் மூடி வலப்பக்கம். ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் குச்சியில் குறைவாகத் தெரியும். புல்லட், பல்சர் மாதிரி குச்சிக்குப் பதில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி வைத்த வண்டிகளையும் நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றுகிறவர்கள் எத்தனையோ பேர். அளவு மீறினால் உள்ளே ஆயில் நுரைத்து, ஏர் ஃபில்டர் வரை ஏறிவிடும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. மாட்டுக்கு மருந்து போடும் சிரிஞ்சில் சின்ன டியூப்பைச் செருகி, மூடித் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தோம். குறைந்தால் ஊற்றுவதும் அப்படியே, சிறுகச் சிறுக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியைப் பார்க்க வேண்டும். அதுவும் பைக் ஆயிலாக இருக்க வேண்டும். கிளட்ச் அந்த ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயிலை ஊற்றினால் வழுக்க ஆரம்பித்துவிடலாம்.

பெட்ரோல் குறைந்தால் முள் காட்டுகிறது, ரிசர்வ் இருக்கிறது. என் வண்டி போன்றவற்றில் ஆயில் குறைந்தால் சொல்ல ஒரு விளக்குகூடக் கிடையாது. அந்தக் குச்சி ஒன்றுதான்.

சர்வீஸ் முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது, குச்சியை எடுத்து ஒருமுறை எங்களுக்குக் காட்டுங்கள் என்று பணிமனைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி தயாரிக்கும் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்கிறார் மெக்கானிக். பழைய வண்டியின் பழக்கத்திலேயே புது வண்டியையும் பார்க்கிறோம். டயருக்கு எவ்வளவு காற்று என்று செயின் கவரில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறீர்களே, அதேபோல ஆயில் மூடி பக்கத்தில் தமிழில் ஒரு வரி ஒட்டுங்கள். என் வண்டியில் மகள் வெள்ளை பெயின்ட்டால் 'திருகாதே' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

– பால் வியாபாரி ஒருவர், மணப்பாறை