வியர்வை உறிஞ்சும் பாலியெஸ்டர்: காஸ்டிக்கில் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் தைக்கும் பாலியெஸ்டர் விளையாட்டு உடைகளில் ‘வியர்வை உறிஞ்சும்’ என்று அட்டை தொங்குகிறது. அது முழு உண்மை அல்ல. பருத்தி தன் எடையில் 7 முதல் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம்தான். உறிஞ்ச வைப்பதற்காகச் சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா என்னும் காரத்தில் வேகவைத்தாலும் இந்த எண் பெரிதாக ஏறாது. மாறுவது இழையின் மேல்தோல் மட்டும். அங்கே மூலக்கூறைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்பு அறுந்து, தண்ணீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில், கார்பாக்சில் முனைகள் வெளியே வருகின்றன. வியர்வை முத்தாக நிற்காமல் பரவும், பரவுவதால் சீக்கிரம் காயும். அட்டையில் அதையே எழுதலாமே.

இதற்குக் காஸ்டிக் இழையை அரித்துத் துணியின் எடை 3 முதல் 5 சதவீதம் குறைந்தால் போதும். சேலைத் துணி குழைவாக விழ 15, 20 சதவீதம் குறைக்கும் ரெசிபியைப் பின்னல் துணிக்குப் போட்டால், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) இறங்கித் தையல் ஓரத்தில் கிழியும்.

1 கிலோ பாலியெஸ்டர் கரைய ஏறக்குறைய 420 கிராம் காஸ்டிக் செலவாகும். 100 கிலோ துணியில் 5 சதவீதம் குறைக்க 2.1 கிலோ போதும். ஆனால் 1,000 லிட்டர் பாத்தில் (துணி ஊறும் கரைசலில்) லிட்டருக்கு 10 கிராம் வீதம் போட்டால் 10 கிலோ உள்ளே போகிறது. மிஞ்சிய காஸ்டிக் சும்மா இருக்காது. நேரம் தாண்டத் தாண்ட அரித்துக்கொண்டே போகும். எனவே 95 டிகிரியில் அரைமணி நேரம் ஓடியதும் ஒரு துண்டு வெட்டி, அலசி, உலர்த்தி, எடை பார்த்த பிறகே தொடர வேண்டும். மிக மெல்லிய மைக்ரோ இழையில் பரப்பு அதிகம் என்பதால் அரிப்பும் வேகம். கேட்டயானிக் சாயம் ஏறும்படி மாற்றிய பாலியெஸ்டரில் அதைவிட வேகம்.

பின்னும்போது படிந்த நிட்டிங் ஆயில் அலசி நீங்காத இடத்தில் காஸ்டிக் பிடிக்காது. சாயத்தில் அது திட்டாகத் தெரியும். அசிட்டிக் அமிலத்தால் சரியாக நடுநிலையாக்காவிட்டால் 130 டிகிரியில் பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயத்தின் நிறம் மாறிவிடும். இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் மென்மைக்காக அமினோ சிலிக்கான் போடுவது பட்ட பாட்டையெல்லாம் பாழாக்கும், ஏனெனில் அது தண்ணீரைத் தள்ளும். ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து துணியில் ஒரு சொட்டு விட்டு, அதன் பளபளப்பு மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள்; சீக்கிரம் மறைந்தால் துணி நன்றாக நனைகிறது. பத்துத் துவைப்புக்குப் பிறகும் பாருங்கள்.

கழிவுநீரை மறக்கக் கூடாது. கரைந்த 5 கிலோவிலிருந்து சுமார் 4.3 கிலோ டெரெப்தாலிக் அமிலம் (பாலியெஸ்டரின் மூலப்பொருள்) சோடியம் உப்பாகத் தண்ணீரில் கலக்கிறது. அப்படியே விட்டால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) சுமை. காஸ்டிக் பாத்தின் முதல் வடிப்பைத் தனித் தொட்டியில் பிடித்து, கந்தக அமிலத்தால் பிஎச் 3-க்கு இறக்கினால் வெள்ளைப் பொடியாகப் படியும்; வடிகட்டிவிடலாம். ஜாப் ஒர்க் ரேட் (சாயமிடும் கூலி) பேசும் ஏற்றுமதி நிறுவனங்கள் இந்தத் தொட்டிக்கான செலவையும் சாயப்பட்டறைகளுக்குச் சேர்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஜவுளிச் சாயத் தொழில்நுட்பர்கள் சிலர்,
திருப்பூர்.