கனத்தையில் குடை பிடித்தவருக்கு நன்றி

பொரளை கனத்தை மயானத்தில் எங்கள் அப்பப்பாவின் இறுதிக் கிரியைகளின்போது திடீரெனக் கொட்டிய மழையில், கொள்ளிக்குடத்தோடு நின்ற அப்பாவுக்குத் தாங்கள் நனைந்தபடியே குடை பிடித்து, பெயரும் சொல்லாமல் சென்றுவிட்ட ஐயா, தங்களுக்கு எமது குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் கடமையிலிருந்த அப்பப்பா, போர் முடிந்தபின் கறுவாத்தோட்டத்து வீடுகளுக்குத் தோட்டம் அமைப்பதையே தொழிலாகக் கொண்டு, அதை அப்பாவுக்கும் எங்களுக்கும் பழக்கினார். புல் பதிக்குமுன் ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பார். அந்த வாசம் சொல்லும் செய்தி எங்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நூறு வயதைக் கடந்தும் தமது கத்தரிக்கோலை அவர் எவருக்கும் இரவல் கொடுத்ததில்லை. "எங்கள் செவ்வரத்தை வேலி அவர் நட்டது" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வேலியைக் கத்தரிக்கும் நாளில் எங்களை அழையுங்கள், கூலி வேண்டாம்.