கேள்விக்கு இடமில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆன்மிகக் கட்டுரையில், "யூத மதம் கட்டளைகளின் மதம், அங்கே கேள்விக்கு இடமில்லை" என்று ஒரு வரி. எந்த யூதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து கட்டுரையாளர் இதை எழுதினார் என்று தெரிந்தால் மகிழ்வேன்.

நான் எருசலேமில் ஆறு ஆண்டுகள் ஒரு பெரியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள். (ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டியே முதல் இரண்டு ஆண்டுகள் போயின. அதைப் பற்றி எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை, இருக்கட்டும்.) போன முதல் வாரமே அவருடைய நண்பர் ஒருவர் வந்தார். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூத்தை நடுவில் விரித்துவைத்துக்கொண்டு இருவரும் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். கைகலப்பு ஆகிவிடுமோ என்று கையில் கரண்டியோடு ஓடினேன். ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய மாட்டை முட்டினால் நஷ்டத்தை யார் கொடுப்பது என்பதுதான் சண்டை! கத்தி முடித்து, டீ குடித்து, தோளில் தட்டிவிட்டுப் பிரிந்தார்கள். அடுத்த வாரமும் அதே மாடு.

அந்தப் புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்தாலே போதும். நடுவில் மூலம், ஒரு புறம் 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ராஷி எழுதிய உரை, மறுபுறம் அவருடைய பேரன்களும் பிறரும் அந்த உரையையே குடைந்து எழுதியவை. தாத்தாவை மறுத்ததைத் தாத்தாவின் பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். முடிவு காண முடியாத கேள்வி வந்தால் மழுப்புவதில்லை. 'தேகூ', அதாவது 'நிற்கட்டும்' என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்கள். ஓர் அடுப்பு தீட்டா இல்லையா என்ற வழக்கில், ரபி (யூத மதகுரு) எலியேசர் பக்கம் வானத்திலிருந்தே குரல் வந்தது. ரபி யோசுவா எழுந்து, "அது வானத்தில் இல்லை" என்று மோசேயின் வசனத்தையே எடுத்து வீசினார். கடவுள் சிரித்து, "என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்" என்றாராம். ஆபிரகாம் சோதோம் நகரைக் காப்பாற்றக் கடவுளிடமே ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசியதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும், தங்களுக்குத் தெரியாததா?

பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்ட பிறகுதான் எகிப்திலிருந்து விடுதலையான கதையே தொடங்கும். வேலை செய்யவோ செய்யச் சொல்லவோ கூடாத ஓய்வுநாளில் பெரியவர் மின்விசிறியைப் போடச் சொல்லமாட்டார், "இன்று என்ன புழுக்கம்!" என்பார். நான் எழுந்து போடுவேன். "இதற்கும் வாய்விட்டுச் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கோபிப்பார் என்று பயந்தேன். மனிதர் குழந்தைபோல மகிழ்ந்து மூன்று புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார். இரவு பத்து மணி வரை என்னைத் தூங்கவிடவில்லை.

அவருடைய அக்காள் நாஜி முகாமிலிருந்து திரும்பவில்லை. நாள்தோறும் மூன்று வேளை ஜெபிப்பார். ஜெபம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, "அவரோடு எனக்கு இன்னும் ஒரு வழக்கு இருக்கிறது" என்பார். இடமில்லையாமே, கேள்விக்கு!

எங்கே போர் என்றாலும் 'கண்ணுக்குக் கண் கேட்கும் யூத நீதி' என்று தலையங்கத்தில் எழுதுகிறீர்கள். கண்ணுக்கு ஈடு பணம்தான் என்று ரபிகள் தால்மூத்திலேயே தீர்த்துவைத்துவிட்டார்கள். கபடத்துக்குப் 'பரிசேயத்தனம்' என்று பெயர் வைப்பதையும் விடமாட்டேன் என்கிறீர்கள். அந்த ரபிகள், இயேசு காலத்து யூதப் பிரிவினரான பரிசேயர் வழி வந்தவர்கள்தான், ஐயா.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். 47ஆம் பக்கப் படத்தில் இரண்டு மரக்கட்டைகளில் சுற்றியிருக்கும் தோல் சுருள் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள்; தால்மூத் அன்று. அதை மட்டும் அடுத்த இதழில் திருத்துங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு கண்ணில்தான் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரர்,
மார்த்தாண்டம்.